மரை ஏறினால் போதுமா? அலாய் வீலுக்கு நட்டு வாங்கும்போது பார்க்க வேண்டியவை

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் 2012 மாடல் ஹோண்டா சிட்டி இருக்கிறது. கம்பெனி கொடுத்த இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய 15 அங்குல அலாய் வீல் போடப் போகிறார். பழைய நட்டையே போட்டுக்கொள்ளலாமா, புதிதாக வாங்க வேண்டுமா என்பது கேள்வி. "12 எம்எம் நட்டு எதுவானாலும் சரி, மரை ஏறினால் போதும்" என்று கடைக்காரர் சொன்னாராம். வேலை விஷயமாக வாரத்தில் நாலு நாள் வேதாரண்யம் பக்கம் ஓட்டுவதாகவும் எழுதியிருக்கிறார். அது முக்கியமான தகவல், பின்னால் அதற்கு வருகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய நட்டு வேண்டாம் தம்பி. 12-க்கு 1.5 மரை, 60 டிகிரி கோன் (கூம்பு) முகம், வெளிப்பக்கம் மூடிய ஒரே துண்டு ஸ்டீல் நட்டு, 19 எம்எம் ஸ்பேனர் சைஸில் பதினாறு வாங்குங்கள். வாங்கும் முன் அலாயின் நட்டுக் குழியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெளியில் விற்கும் அலாய் பெரும்பாலும் கோன் குழிதான், ஆனாலும் உங்கள் கண்ணால் பார்ப்பது நல்லது. பழைய நட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

இனி காரணம். மன்னார்குடியில் இருபத்தேழு வருஷம் உதிரிபாகக் கடை வைத்திருந்தேன். "மரை ஏறுது இல்ல, அப்புறம் என்ன?" என்ற பேச்சை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், நாம் எல்லோரும் நட்டை மாட்டு வண்டிக் கடையாணி மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. வண்டிச் சக்கரம் அச்சில் தன் பாட்டுக்குச் சுற்றும். கடையாணி அது வெளியே நழுவாமல் மறித்து நிற்கும், அவ்வளவுதான். ஆணி கொஞ்சம் ஆடினாலும் வண்டி களத்துமேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கார் நட்டு செய்கிற வேலை வேறு. வீலின் முதுகையும், அது போய் உட்காரும் ஹப்பின் முகத்தையும் ஒன்றோடு ஒன்று அழுத்திப் பிடிப்பதுதான் அதன் வேலை. காரின் பாரம், பிரேக் பிடிக்கும் இழுவை, பள்ளத்தில் விழும் அடி எல்லாவற்றையும் அந்த இரண்டு முகங்களுக்கு இடையே உள்ள உராய்வுதான் தாங்குகிறது. ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பிதான் ஸ்டட், நட்டு ஏறுவது அதில்தான். அது இழுத்துப் பிடிக்கப்பட்ட ஒரு ஸ்பிரிங் மாதிரி.

எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நட்டை முடுக்க ஹோண்டா சொல்லும் முறுக்கு (டார்க்) 108 நியூட்டன் மீட்டர். ஸ்டட் 12 எம்எம் தடிமன். உலர்ந்த மரைக்கு வழக்கமாகப் போடும் உராய்வு எண் 0.2. 108-ஐ 0.2-ஆலும் 0.012-ஆலும் வகுத்தால் 45,000 நியூட்டன் வருகிறது, தோராயமாக நாலரை டன். 60 கிலோ நெல் மூட்டை எழுபத்தைந்தை ஒரே ஒரு நட்டின் மேல் அடுக்கிய மாதிரி. ஒரு வீலுக்கு இப்படி நாலு.

இந்த அழுத்தம் குறைந்தால் வீல் ஹப்பின் மேல் நூலளவு நகர ஆரம்பிக்கும். நகர்ந்தால் ஸ்டட் வளையும். உங்கள் டயர் அளவுக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வளைவு. கட்டுக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான்.

சரி, அந்த அழுத்தத்தை நட்டு எந்த இடத்தின் வழியாக வீலுக்குக் கொடுக்கிறது? மரை வழியாக இல்லை, நட்டின் அடிமுகம் வழியாக. வீல் குழியில் நட்டு உட்காரும் அந்த முகத்தைத்தான் சீட் என்கிறோம். கடையில் மூன்று ஜாதி கிடைக்கும். கோன் நட்டின் முகம் கூம்பு, பெரும்பாலும் 60 டிகிரி. பால் நட்டின் முகம் பந்தில் ஒரு துண்டை வெட்டி வைத்த மாதிரி வளைந்திருக்கும். வாஷர் நட்டின் முகம் தட்டை. அதற்குக் கீழே வீல் துளைக்குள் இறங்குகிற நீண்ட கழுத்து ஒன்று இருக்கும். டொயோட்டாவின் பல பழைய கம்பெனி அலாய்களில் இந்த மூன்றாவதைப் பார்க்கலாம். மாருதி, ஹூண்டாய் கார்களில் கோன். ஹோண்டா மட்டும் பிடிவாதமாகப் பால் நட்டு போடுகிறவன், அந்த வளைவின் ஆரம் 12 எம்எம். தம்பி, உங்கள் சிக்கல் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

பால் நட்டைக் கோன் குழியில் வைத்து முறுக்கினால் என்ன ஆகும்? உருண்டை கூம்பைத் தொடுவது ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டும். நாலரை டன்னும் அந்தக் கோட்டின் மேல் இறங்கும். இரும்பு ரிம் என்றால் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். அலாய் என்பது அலுமினியம், மெத்தென்று அமுங்கிவிடும். அமுங்கினால் ஸ்டட்டின் இழுவை போய்விடும், நட்டு தானாகக் கழலும். ஆனால் முடுக்கும்போது இதில் எதுவும் கைக்குத் தெரியாது. மரை அழகாக ஏறும், நட்டு கடைசியில் கெட்டியாக நிற்கும், ஸ்பேனர் நகராது. நூற்றுக்கு நூறு சரி என்றுதான் தோன்றும்.

எனக்கே தோன்றியிருக்கிறது. கடை போட்ட புதிதில் ஒரு பழைய ஹோண்டா வாங்கி, அதில் அலாய் மாட்டினேன். மாட்டியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. நட்டும் காரோடு வந்த பழைய நட்டு. மூன்று வாரம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கீழ்வேளூர் தாண்டி, ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். இறங்கித் திட்டலாமா என்ற கோபத்தோடு ஜன்னலை இறக்கிவிட்டு ஊர்ந்து போனபோதுதான் முன் இடது சக்கரத்திலிருந்து "டக்... டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. நிறுத்திப் பார்த்தால் நாலில் இரண்டு நட்டு கையாலேயே சுற்றியது. குழிக்குள் மோதிரம் மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. அன்றைக்கு அந்த நெல் ரோட்டில் இல்லையென்றால் எண்பதில் போயிருப்பேன், சத்தம் காதில் விழுந்திருக்காது. அதற்குப் பிறகு ரோட்டில் நெல் கிடந்தால் நான் வாயைத் திறப்பதில்லை.

சீட் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. நட்டின் அடிமுகத்தில் ஸ்கெட்ச் பேனா மையோ, வீட்டில் சாந்துப் பொட்டு இருந்தால் அதையோ மெல்லியதாகத் தடவுங்கள். வீலை ஹப்பில் வைத்து நட்டைக் கையால் ஏற்றி, ஸ்பேனரால் லேசாக ஒரு பிடி பிடித்துக் கழற்றுங்கள். குழியில் சுற்றிலும் அகலமான பட்டையாக நிறம் ஒட்டியிருந்தால் ஜோடி சரி. நூல் மாதிரி ஒரே கோடு விழுந்திருந்தால் அந்த நட்டு அந்த வீலுக்கு ஆகாது. பார்த்து முடித்ததும் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். பழைய ஹோண்டா நட்டையும் புதுக் கோன் நட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், நான் இவ்வளவு பேசியது அரை நிமிஷத்தில் விளங்கிவிடும்.

மரை விஷயம் இதைவிட எளிது, ஏனென்றால் தப்பு நடந்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். 12 என்பது தடிமன். 1.5 என்பது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய், கியா எல்லாம் பெரும்பாலும் 12-க்கு 1.5. மாருதி சுசூகி 12-க்கு 1.25. இந்த இரண்டும் கலந்துவிடுவதுதான் நம் பக்கம் அடிக்கடி நடக்கிற தவறு, ஏனென்றால் பஞ்சர் கடை டப்பாவில் எல்லா நட்டும் ஒன்றாகக் கிடக்கும். தப்பான நட்டு இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் இறுகும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டால் ஒன்றும் கெடவில்லை. "கொஞ்சம் துரு, அவ்வளவுதான்" என்று ஏர் கன்னை வைத்தால் ஸ்டட்டின் மரை போய்விடும். எது எந்த மரை என்று தெரியாவிட்டால் ஸ்டட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பத்து மரை எண்ணுங்கள். 15 மில்லிமீட்டர் வந்தால் 1.5, பன்னிரண்டரை வந்தால் 1.25. நல்ல நட்டு, சுத்தமான ஸ்டட் என்றால் இரண்டு விரலால் கடைசி வரை ஏற வேண்டும்.

எத்தனை சுற்று ஏறுகிறது என்பதையும் எண்ணுங்கள். ஸ்டட் எவ்வளவு தடிமனோ குறைந்தது அவ்வளவு நீளம் நட்டுக்குள் மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. 12-க்கு 1.5 என்றால் எட்டுச் சுற்று. மாருதிக்கு ஒன்பதரை, பத்து. இரும்பு ரிம்மைவிட அலாய் நட்டுத் துளை அருகே தடிமனாக இருக்கும், அதனால் ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் குறையும். கம்பெனி ரிம்மில் பத்துச் சுற்று ஏறியது அலாயில் ஐந்தாகிவிட்டால், நீளமான ஸ்டட் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீலை மறக்க வேண்டும். வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் தட்டு சொருகுகிற பையன்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. மூடிய நட்டின் உள்ளே ஆழம் குறைவாக இருந்து ஸ்டட் நீளமாக இருந்தால், நட்டு வீலைத் தொடும் முன்பே ஸ்டட்டின் நுனி மூடியில் முட்டிவிடும். ஸ்பேனருக்குக் கெட்டி, வீலுக்கு லூஸ். வாங்கும்போதே நட்டை வீல் இல்லாமல் ஸ்டட்டில் முழுக்க ஏற்றிப் பார்த்து, எங்கே முட்டுகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

போலோ மாதிரி ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. உங்களுக்கு ஸ்டட்டும் நட்டும் கிடையாது, ஹப்புக்குள் நேராக ஏறும் போல்ட். 14-க்கு 1.5 மரை, பால் சீட், ஆனால் 13 எம்எம் ஆரம். ஹோண்டாவும் பால், இதுவும் பால் என்று சமமாக நினைக்க வேண்டாம். போல்ட்டின் நீளமும் அளந்து வாங்க வேண்டிய ஒன்று. குட்டையானால் பிடிமானம் இல்லை, நீளமானால் பின்னால் போய் பிரேக் சாமான்களில் உரசும்.

இப்போது வேதாரண்யத்துக்கு வருவோம். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தை ஒட்டி ஓட்டுகிறவருக்கும் கும்பகோணத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கும் நான் ஒரே நட்டைச் சொல்ல மாட்டேன். உப்புக் காற்று ஸ்டட்டின் நுனி மரையில் உட்கார்ந்து துருப்பிடிக்க வைக்கும். இரண்டு பக்கமும் திறந்த நட்டு போட்டால் ஒரு வருஷத்தில் கழற்றும்போதே மரை உரியும். அதனால்தான் உங்களுக்கு மூடிய நட்டு என்றேன். அதிலும் ஒரே துண்டாகச் செய்ததுதான் வேண்டும். சில நட்டுகள் உள்ளே சாதா இரும்பு, மேலே பளபளவென்று மெல்லிய தகட்டுத் தொப்பி என்று இரண்டு துண்டாக வரும். தகட்டுக்கு அடியில் உப்புத் தண்ணீர் இறங்கினால் உள்ளே துரு பூத்து, தொப்பி உப்பிக்கொள்ளும். 19 ஸ்பேனர் நுழையாது, 20-ல் வழுக்கும். நடு ரோட்டில் மழையில் பஞ்சர் ஆகும்போதுதான் இது தெரியவரும், ஐப்பசி மாசம் என்றால் கேட்கவே வேண்டாம். அப்புறம் சிவப்பு, நீலம், ஊதா நிறத்தில் இறகு மாதிரி கனத்தில் விற்கிற அலுமினிய நட்டு இருக்கிறதே, அது ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு. அதன் மரை சீக்கிரம் தேயும். தினப்படி காருக்கும் உப்புக் காற்றுக்கும் ஸ்டீல்தான்.

துருவுக்குப் பயந்து மரையில் எண்ணெய் விடும் பழக்கம் நம் கடலோர ஊர்களில் நிறைய. தேங்காய் எண்ணெயே விட்டிருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மேலே போட்ட கணக்கில் உராய்வு எண் 0.2 என்று வைத்தோம். எண்ணெய் விட்டால் அது 0.15 ஆகிவிடலாம். அப்போது அதே 108 முறுக்குக்கு நாலரை டன் இல்லை, ஆறு டன் இழுக்கும். ஸ்டட் நீண்டு பலவீனமாகும். மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். கிரீஸ் வைக்கத்தான் வேண்டும் என்றால் ஹப்பின் நடு மூக்கில், அலாய் போய் மாட்டும் அந்த வட்டத்தில், விரல் நுனியால் தொட்ட அளவு வையுங்கள். அலாய் அங்கே ஒட்டிப் பிடித்துக்கொண்டு அடித்தாலும் வராமல் நிற்பது இதனால் குறையும்.

வயல்காட்டுப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது சேறு. நம் களிமண் காய்ந்தால் சிமென்ட். அறுவடை நேரத்தில் மெஷின் ஏறி இறங்கிய மண் ரோட்டில் போய்வந்து வீல் மாட்டினால், ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் காய்ந்த களிமண்ணும் நடுவில் மாட்டிக்கொள்ளும். முடுக்கும்போது கெட்டியாக இருக்கும், ஓட ஓட மண் பொடிந்து உதிரும், நட்டு லூஸாகும். வீல் மாட்டும் முன் இரண்டு முகத்தையும் சுரண்டித் துடைக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

முடுக்குவது பற்றி. ஏர் கன்னால் கடைசி வரை அடிக்க விடாதீர்கள். முதல் மூன்று சுற்று கையால், பிறகு ஸ்பேனர், எதிர் எதிராக மாற்றி மாற்றி. ஜாக்கியை இறக்கி டயர் தரையைத் தொட்ட பிறகு கடைசிப் பிடி. முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கணக்கு இருக்கிறது: 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 36, 37 கிலோ அழுத்தம் கொடுத்தால் 108 வந்துவிடும். 70 கிலோ ஆள் ஸ்பேனர் நுனியில் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏறிக் குதிப்பதும் பைப் சொருகி இழுப்பதும் ஸ்டட்டைக் கொல்லும் வேலை. முறுக்கு அளவு காருக்குக் கார் மாறும், போலோவுக்கு 120. உங்கள் காரின் கையேட்டில் இருப்பதுதான் கடைசிச் சொல். புது அலாயின் குழியில் பெயின்ட் இருக்கும், அது முதலில் கொஞ்சம் அமுங்கும். அதனால் ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும், சூடு ஆறிய பிறகு, மறுபடி ஒருமுறை பிடித்துப் பாருங்கள். நாகப்பட்டினம் போய்த் திரும்பினால் அந்தத் தூரம் வந்துவிடும்.

ஸ்டட் ஒடிந்தாலோ மரை போனாலோ புது ஸ்டட் அடித்து ஏற்ற வேண்டும், அதுவும் அந்த வீலில் எல்லாவற்றையும் மாற்றுவது உத்தமம், மற்றவையும் அதே பாடு பட்டவைதானே. பழையதை வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஹப் ரிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாங்கும்போதே கேளுங்கள். சிட்டியின் ஹப் மூக்கு 56.1 எம்எம். வெளி அலாய் பல கார்களுக்குப் பொதுவாகச் செய்வதால் நடுத்துளை பெரிதாக, பலவற்றில் 73.1 ஆக இருக்கும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட்டால் வீல் மாட்டும்போதே நடுவில் உட்காரும், ஸ்டியரிங் உதறல் வராது. கோன் நட்டு வீலை ஓரளவு தானே நடுவுக்குக் கொண்டுவரும் என்பதால் ரிங் இல்லாமலும் பலர் ஓட்டுகிறார்கள். நான் போட்டுக்கொள்வேன்.

கடைசியாக அந்தப் பழைய நட்டு. அலாய் மாற்றினாலும் உங்கள் ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்மாகத்தான் இருக்கும், அதன் குழி ஹோண்டாவின் பால் குழி. ராத்திரி பஞ்சரானால் புதுக் கோன் நட்டோடு அதை மாட்டுவது, நான் கீழ்வேளூரில் பட்டதைத் தலைகீழாகப் பட்டுப் பார்ப்பது. பழைய நட்டில் நல்லதாக நாலைத் துடைத்து, ஒரு துணிப் பையில் போட்டு ஜாக்கியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அலாயின் துளை குறுகலாக இருந்து சாவி வைத்துத் திறக்கிற ஒல்லி நட்டு போடும்படி ஆனால், அந்தச் சாவியும் அதே பைக்குள். என் மச்சான் அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு மயிலாடுதுறைக்குக் கல்யாணத்துக்குப் போனான். முகூர்த்தம் ஆறு மணிக்கு. டயர் போனது நாலரைக்கு.